சிவப்பு விழுந்தால் யார் ஓட வேண்டும்?
கம்ப்யூட்டர் புகார் புத்தகத்துக்கு வர்ணம் பூசும் கதை

மைசூர் நிருபர்

காவேரி எக்ஸ்பிரசிலும் தூத்துக்குடி எக்ஸ்பிரசிலும் மைசூர் வந்து இறங்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு இங்கே இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, சாமுண்டி மலைக்குப் போவது. மற்றொன்று, ஹெப்பாள் பக்கம் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பார்ப்பது.

"என்ன வேலை தம்பி பார்க்கிறாய்?" என்று அப்பா கேட்கிறார். பையன் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டுகிறான். அதில் வரிசை வரிசையாகச் சீட்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நீலம். வீட்டுச் சுவருக்கு வர்ணம் பார்க்கும் அட்டை மாதிரி இருக்கிறது. அப்பா தலையை ஆட்டிவிட்டு, "சாப்பாடு எப்படி?" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்.

அந்த அப்பாக்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பிள்ளைகளும் படித்தால் நஷ்டமில்லை. ரயில்வே குமாஸ்தாவுக்கும் சாப்ட்வேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறத்தைப் பார்த்து வேலை செய்வதில் ரயில்வேக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அனுபவம் இருக்கிறது. சாப்ட்வேர்காரர்கள் நேற்று வந்தவர்கள்.

பூச்சி பிடிக்கும் புத்தகம்

அந்தச் சீட்டுகள் என்ன? எல்லாம் புகார்கள். பணம் கட்டியும் ரசீது வரவில்லை, பெயரை அடித்தால் திரை வெறுமையாகிறது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்லும் குறைகள். ஒவ்வொரு புகாருக்கும் ஒரு நம்பர் உண்டு. யார் சொன்னது, யாரிடம் கொடுத்திருக்கிறது, எப்போதைக்குள் முடிய வேண்டும் என்பதெல்லாம் அதில் பதிவாகும். ரயிலில் தண்ணீர் வராவிட்டால் 139க்குப் போன் செய்கிறோம். ஒரு நம்பர் கொடுக்கிறார்கள் அல்லவா? அதே மாதிரிதான்.

சாப்ட்வேரில் உள்ள பிழைக்கு ஆங்கிலத்தில் 'பக்' என்று பெயர். பூச்சி என்று அர்த்தம். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் ஒன்றுக்குள் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கிக்கொண்டது. அதைப் பிடித்துப் புத்தகத்தில் ஒட்டி, குறிப்பு எழுதி வைத்தார்கள். அந்தச் சொல் என்ஜினீயர்களிடம் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்ததுதான். ஆனாலும் புகார் புத்தகத்தில் பூச்சியையே ஒட்டியது வேடிக்கைதான்!

இதற்கென்றே தனி சாப்ட்வேர்கள் வந்துவிட்டன. 1998ல் 'பக்சில்லா' வந்தது. 2000ல் 'மாண்டிஸ்' தொடங்கியது. 2002ல் ஆஸ்திரேலியாவிலிருந்து 'ஜிரா' வந்தது. பக்சில்லா என்ற பெயர் காட்சில்லாவை நினைவுபடுத்தியதால், அந்த ராட்சத மிருகத்தின் ஜப்பானியப் பெயரான 'கோஜிரா'விலிருந்து ஜிரா என்று வைத்தார்கள். நம்முடைய சோகோ கம்பெனியும் 'பக் டிராக்கர்' என்று ஒன்று வைத்திருக்கிறது.

நூறு புகார் வந்தால் படித்துப் பார்த்துப் பிரிக்கலாம். ஆயிரம் வந்தால்? அப்போதுதான் நிறம் வேண்டியிருக்கிறது. "இன்னின்ன மாதிரி இருந்தால் இந்த நிறம் காட்டு" என்று முன்கூட்டியே சட்டம் எழுதி வைத்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புகாரையும் அந்தச் சட்டத்தோடு ஒப்பிட்டுத் தானாகவே வர்ணம் பூசிவிடுகிறது.

கேட்க எளிதாக இருக்கிறது. இதில்தான் பல ஆபீஸ்கள் சறுக்குகின்றன.

ஒரே மஞ்சள், மூன்று அர்த்தம்

சிக்னலில் மஞ்சள் என்றால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வா என்று அர்த்தம். வானிலை இலாகா மஞ்சள் எச்சரிக்கை கொடுத்தால், கவனித்துக்கொண்டிருங்கள் என்று அர்த்தம். பூச்சிமருந்து டப்பாவில் மஞ்சள் முக்கோணம் இருந்தால்? "பாதி விஷம்தானே" என்று நினைத்துவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டு பூச்சிமருந்து விதிகளின்படி சிவப்பு மிகக் கடுமையான விஷம். அதற்கு அடுத்தபடியான கடும் விஷம் மஞ்சள். அதற்குப் பிறகுதான் நீலமும் பச்சையும். ரோட்டு விளக்கை நினைத்துக்கொண்டு மஞ்சள் டப்பாவை அலட்சியமாகத் தொடுகிறவர் ஆபத்தில் மாட்டிக்கொள்வார்.

புகார் சாப்ட்வேரிலும் இதே குழப்பம்தான். மாண்டிசை வாங்கி அப்படியே வைத்தால், புதிதாக வந்த புகார் வெளிர் சிவப்பில் இருக்கும். விளக்கம் கேட்டுத் திருப்பியது ஊதா. பார்த்தாகிவிட்டது என்றால் ஆரஞ்சு. உண்மைதான் என்று உறுதி செய்தது மஞ்சள். ஒருவரிடம் ஒப்படைத்தது நீலம், தீர்ந்தது பச்சை, மூடியது சாம்பல். அதாவது, அங்கே நிறம் என்பது புகார் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. அவசரத்தைக் காட்டவில்லை. இன்னொரு கம்பெனியில் அதே சிவப்பு "கெடு தாண்டிவிட்டது" என்று வைத்திருப்பார்கள். ஒரு கம்பெனியை விட்டு மறு கம்பெனிக்குப் போகும் பையன் முதல் வாரம் திண்டாடுவதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே முதல் கேள்வி, என்ன நிறம் என்பதல்ல. நிறம் எதைச் சொல்ல வேண்டும் என்பதுதான். கட்டத்தைச் சொல்லலாம், அவசரத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்லலாம், புகாரின் வகையைச் சொல்லலாம். நான்கையும் ஒரே திரையில் சொல்லப் போனால் அது கோலமாவு கடை ஆகிவிடும்.

என்னைக் கேட்டால், சிவப்பைப் பார்த்தவுடன் ஒரு ஆள் எழுந்து ஓட வேண்டும். யார் ஓட வேண்டும், எதற்கு ஓட வேண்டும் என்று சொல்லத் தெரியாத சிவப்பு வெறும் அலங்காரம். வானிலை இலாகா இதைச் சரியாகச் செய்திருக்கிறது. மஞ்சளுக்குக் கவனி, ஆரஞ்சுக்குத் தயாராகு, சிவப்புக்குச் செயல்படு என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பச்சைக்கு மட்டும் வேலை இல்லை.

எல்லாமே சிவப்பு!

சிவப்பு பூசும் உரிமையைப் புகார் கொடுப்பவரிடமே விட்டால் என்ன நடக்கும்? எல்லாரும் சிவப்பே கேட்பார்கள். அவரவர் பல்வலி அவரவருக்குப் பெரிது. ஒரே மாதத்தில் திரை முழுவதும் சிவப்பாகிவிடும். அப்புறம் சிவப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். உண்மையிலேயே பணம் போய்த் தவிக்கிறவரின் சீட்டும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகக் கிடக்கும்.

இது கம்ப்யூட்டர் கொண்டு வந்த வியாதி அல்ல. சர்க்கார் ஆபீஸ் பைல்களில் 'அவசரம்' என்று சீட்டு வைப்பார்கள். எல்லா பைலும் அவசரம் ஆனபோது 'மிக அவசரம்' என்று ஒரு சீட்டு வேண்டியிருந்தது. அதற்கு மேல் என்ன சீட்டு வைப்பது?

ரயிலில் அபாயச் சங்கிலியைத் தகுந்த காரணமின்றி இழுத்தால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. சாப்ட்வேரில் பொய்ச் சிவப்பு பூசுகிறவருக்கு அபராதம் கிடையாது. அதனால்தான் சட்டம் எழுதும்போதே ஜாக்கிரதை தேவை.

அனுபவசாலிகள் இரண்டு விஷயங்களைப் பிரித்து வைக்கிறார்கள். கோளாறு எவ்வளவு பெரியது என்பது ஒன்று. எவ்வளவு சீக்கிரம் சரி செய்ய வேண்டும் என்பது வேறு. பக்சில்லாவில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு.

பத்திரிகை உதாரணம் சொன்னால் விளங்கும். முதல் பக்கத் தலைப்பில் ஒரு எழுத்துப் பிழை. கோளாறு சிறியது. ஆனால் அச்சு ஓடுவதற்குள் திருத்தியாக வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை மட்டும் ஓட்டும் மிஷின் அடியோடு ரிப்பேர். கோளாறு பெரியது. ஆனால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு பெரிது என்பதைப் புகார் கொடுப்பவர் சொல்லட்டும். எவ்வளவு அவசரம் என்பதைப் பொறுப்பில் இருப்பவர் ஒருவர் முடிவு செய்யட்டும். நிறம் இரண்டாவதைப் பார்த்து வரட்டும்.

மேல் சட்டம், கீழ்ச் சட்டம்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜிராவில் சீட்டுக்கு நான்கு விதமாக நிறம் கொடுக்கலாம். புகாரின் வகைப்படி, அவசரத்தின்படி, ஆளின்படி. நான்காவது, நாமே எழுதும் சட்டத்தின்படி. இந்த நான்காவதில் சட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் மேலிருந்து கீழாகப் படிக்கும். எந்தச் சட்டம் முதலில் பொருந்துகிறதோ அந்த நிறம். அத்தோடு நின்றுவிடும். கீழே உள்ள சட்டங்களைத் திரும்பிப் பார்க்காது.

ஒரு ஆபீசில் இரண்டே சட்டம் என்று வைத்துக்கொள்வோம். "வாடிக்கைக்காரரிடம் விளக்கம் கேட்டுக் காத்திருந்தால் நீலம்." "கெடு தாண்டியிருந்தால் சிவப்பு." நீலத்தை மேலே வைத்துவிட்டார்கள். ஒரு அம்மாள் பென்ஷன் வரவில்லை என்று புகார் எழுதுகிறார். ஆபீசில் ஒருவர் "பாஸ்புக் நகல் அனுப்பவும்" என்று பதில் எழுதி வைத்துவிட்டார். அந்தப் பதில் அம்மாளுக்குப் போய்ச் சேரவில்லை. கெடு தாண்டிப் பத்து நாள் ஆகிறது. இருபது நாள் ஆகிறது. சீட்டு இன்னும் நீலமாகவே இருக்கிறது. 'நம் கையில் ஒன்றுமில்லை, அவர்தான் பதில் சொல்ல வேண்டும்' என்று எல்லாரும் நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். சிவப்புச் சட்டம் கீழே இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சீட்டு அதுவரை போய்ச் சேர்வதே இல்லை!

சிவப்பை மேலே தூக்கி வைத்தால் போதும். இரண்டு வரியை இடம் மாற்றுகிற வேலை. அதைச் செய்யாததால் ஒருவருக்கு மாதப் பணம் நின்று போகிறது. எக்செல் கணக்கு ஏட்டிலும் இதே கதைதான். இரண்டு சட்டம் மோதினால் மேலே இருப்பது ஜெயிக்கும். 2007க்கு முந்திய எக்செலில் ஒரு கட்டத்துக்கு மூன்று நிறச் சட்டங்களுக்கு மேல் போடவே முடியாது. குறை என்று அப்போது திட்டினார்கள். எனக்கு அது நல்ல கட்டுப்பாடாகவே தோன்றுகிறது. மூன்று நிறத்தில் சொல்ல முடியாததை முப்பது நிறத்தில் சொல்ல முடியுமா?

கெடு தேதியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சட்டம் தானாக நிறம் பூசும்போது யாரும் சிவப்பை மறைக்க முடியாது என்று நினைக்கிறோம். மனிதன் கெட்டிக்காரன். நிறத்தை மாற்ற முடியாவிட்டால் தேதியை மாற்றுவான். கெடுவை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தால் சிவப்பு மறைந்துவிடும். வேலை ஒன்றும் நடந்திருக்காது. இதற்கும் மருந்து உண்டு. புகார் வந்து சேர்ந்த தேதியை யாரும் திருத்த முடியாது. "வந்து இத்தனை நாள் ஆகியும் முடியாவிட்டால் சிவப்பு" என்று அந்தத் தேதியை வைத்து இன்னொரு சட்டம் எழுதி, அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துவிட வேண்டும்.

கண் பரிசோதனை இல்லாத வேலை

ரயில் ஓட்டும் லோகோ பைலட்டை வேலைக்கு எடுக்கும்போது புள்ளிப் புத்தகத்தைக் காட்டி நம்பர் படிக்கச் சொல்வார்கள். ஜப்பானிய டாக்டர் இஷிஹாரா 1917ல் வெளியிட்ட பரிசோதனை அது. சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவருக்கு நம்பர் தெரியாது. வேலையும் கிடைக்காது.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு விபத்து இருக்கிறது. 1875 நவம்பரில் ஸ்வீடன் நாட்டில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி 9 பேர் இறந்தார்கள். ஊழியர் ஒருவருக்கு நிறம் சரியாகத் தெரியாததே காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர் வாதாடினார். ஒரு ரயில் பாதையில் வேலை செய்த 266 பேரிடம் கலர் கம்பளி நூல்களைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். 13 பேருக்கு நிறம் சரியாகத் தெரியவில்லை! அதுவரை அவர்களோடு வேலை பார்த்தவர்களுக்கே அது தெரியாது. அந்த விபத்துக்கு வேறு காரணங்கள் உண்டு என்று பிற்காலத்தில் சிலர் எழுதினார்கள். ஆனால் பரிசோதனை நிலைத்துவிட்டது.

ஐரோப்பிய வம்ச ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். நம் நாட்டில் அதைவிடக் குறைவு. பெண்களுக்கு மிக அபூர்வம். தாய் வழியாக மகனுக்கு வருகிற குறை இது. இதில் நோயும் இல்லை, வலியும் இல்லை.

லோகோ பைலட்டுக்குப் பரிசோதனை உண்டு. ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. சாப்ட்வேர் கம்பெனியில் யார் புள்ளிப் புத்தகம் காட்டுகிறார்கள்? நாள் பூராவும் சிவப்பையும் பச்சையையும் பார்த்தே வேலை செய்ய வேண்டிய இடத்தில், இரண்டும் ஒரே பழுப்பாகத் தெரிகிற பையன் ஒருவன் உட்கார்ந்திருக்கலாம். "நீ ஏன் அந்தச் சிவப்பை விட்டாய்?" என்று திட்டு வாங்கும்போது அவனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. சொல்ல வெட்கமாகவும் இருக்கும். அவனை வேலைக்கு எடுக்காமல் விடுவது நியாயமல்ல. ரயில் மாதிரி இங்கே நிறத்தைத் தவிர வேறு வழியில்லை என்பதில்லை. சீட்டில் நிறத்தோடு ஒரு சொல்லையும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. 'தாமதம்' என்று எழுதிய சிவப்பு, 'காத்திருக்கிறது' என்று எழுதிய நீலம்.

பூச்சிமருந்து டப்பாவில் அப்படித்தான் இருக்கிறது. முக்கோணத்தில் நிறத்தோடு 'விஷம்', 'அபாயம்', 'எச்சரிக்கை' என்று சொல்லும் உண்டு. தின்பண்டப் பொட்டலத்தில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது. பச்சையும் பழுப்பும் பிரித்துத் தெரியாத சைவக்காரர் என்ன செய்வார்? 2020ஆம் ஆண்டு விதியில் அசைவத்துக்குப் பழுப்பு முக்கோணம் என்று மாற்றினார்கள். இப்போது நிறம் தெரியாவிட்டாலும் வடிவம் தெரியும்.

எங்கள் சிக்னலிலும் ஒரு நயம் உண்டு. நிறுத்து, ஜாக்கிரதை, போ என்ற மூன்றுக்கு மேல் நாலாவது அர்த்தம் ஒன்று தேவைப்பட்டது. அடுத்த சிக்னலுக்குள் வேகத்தைக் குறைக்கத் தயாராகு என்று சொல்ல வேண்டும். புது நிறம் தேடவில்லை. இருக்கிற மஞ்சளையே இரண்டாக எரியவிட்டார்கள். அதுதான் இரட்டை மஞ்சள். எண்ணிப் பார்த்தாலே அர்த்தம் வந்துவிடும்.

உங்கள் ஆபீஸ் நிறச் சட்டம் சரிதானா என்று பார்க்க ஒரு சுலப வழி: திரையைக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரிண்ட் எடுங்கள். எது அவசரம் என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடிகிறதா?

எரியாத விளக்கு

கடைசியாக ஒன்று. எந்தச் சட்டத்திலும் சிக்காத புகாருக்கு என்ன நிறம்? பல இடங்களில் அது வெள்ளையாகவே இருக்கும். முடிந்த வேலையும் வெள்ளை, யாருமே பார்க்காத வேலையும் வெள்ளை.

ரயில்வேயில் ஆரம்ப காலத்தில் வெள்ளை விளக்குதான் 'போகலாம்' என்பதற்கு அடையாளம். பச்சை என்றால் ஜாக்கிரதை. பிறகுதான் ஆபத்து புரிந்தது. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளே எரியும் விளக்கு வெள்ளையாகத் தெரியும். நிற்க வேண்டிய ரயில் ஓடும்! அதனால் வெள்ளையை ஒழித்து, பச்சையைப் 'போகலாம்' ஆக்கி, ஜாக்கிரதைக்கு மஞ்சளைக் கொண்டு வந்தார்கள். கே.ஆர்.எஸ். ரோட்டில் 1979 முதல் இருக்கும் மைசூர் ரயில் மியூசியத்துக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் என்ஜினில் ஏறிப் போட்டோ எடுப்பதோடு திரும்பிவிடாமல், அங்குள்ள பழைய சிக்னல் விளக்குகளையும் ஒரு பார்வை பார்க்கலாம்.

இரவில் சிக்னல் விளக்கே எரியாமல் இருந்தால், "ஒன்றும் சொல்லவில்லையே" என்று லோகோ பைலட் போய்விட முடியாது. அந்த சிக்னல் காட்டக்கூடியதில் எது மிகக் கடுமையானதோ அதைக் காட்டுவதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. புகார் புத்தகத்துக்கும் இதே மாதிரி, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டம் வேண்டும். "மேலே எதிலும் சேராததும், முடியாததும், யார் பெயரிலும் இல்லாததுமான புகார் ஆரஞ்சு. தினமும் காலையில் சூபர்வைசர் முதலில் பார்க்க வேண்டியது இது." முடிந்த வேலைக்குச் சாம்பல் நிறமே போதும். அதற்குப் போய்ப் பளபளப்பான பச்சை எதற்கு? கண் அங்கேதான் போகும்.